சவுரியம்மாள் பிடித்திருந்த வால்

சவுரியம்மாளுக்கு உள்ளங்காலிலும் இரண்டு கண் இருக்கிறது என்று காலனியில் கேலி பேசுவார்கள். கேலிதான் என்றாலும் பொய்யில்லை. சேறு கலங்கிக் கிடக்கும் ஏரியில் மார்பளவு தண்ணீரில் காலால் துழாவிக்கொண்டே நடப்பாள். திடீரென்று நிற்பாள். முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்ந்து இரண்டு கையாலும் எதையோ அமுக்குவாள். கை மேலே வரும்போது அதில் ஒரு ஜிலேபி மீன் வாலை அடித்துக்கொண்டிருக்கும். இடுப்புக் கயிற்றில் கட்டிய அலுமினியக் குண்டான் பின்னாலேயே மிதந்து வரும். மீனை அதில் போட்டுவிட்டு மறுபடி நடப்பாள்.

பிறந்தது திருவெண்ணெய்நல்லூர் பக்கம். பெண்ணையாற்று மடுக்களில் பாவாடையைச் செருகிக்கொண்டு மீன் தடவிய கை அது. கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகிற சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வருகிற காலனியில் பிரான்சிஸுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நிலம் என்று ஒரு முழம் கிடையாது. அடுத்தவர் கொல்லையில் களை எடுப்பாள், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலை பிடுங்குவாள், கரும்புத் தோகை உரிப்பாள். வேலை இல்லாத நாளில் ஏரியில் இறங்கிவிடுவாள். ஒரே மகள் ரோஜாவைத் திருவண்ணாமலைப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

பிரான்சிஸ் திண்டிவனத்தில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவன். முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போதும் வாய் சும்மா இருக்காது. இழவு வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவான். தண்ணீரில் மட்டும் அவனுக்குச் சாமர்த்தியம் போதாது. ஆழத்தைக் கண்டால் பயம். பெண்டாட்டி பிடித்துவரும் மீனின் தலையை உறிஞ்சிக்கொண்டே, "எனுக்கு ஏரியில பொண்டாட்டி, ரோட்டுல நானு, ஜோடி நல்லாத்தான் அமைஞ்சிது" என்பான்.

இந்த ஜிலேபி நம்ம ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவின் கிழக்கே ஓடுகிற ஆறுகளில் கிடந்தது. ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று எழுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்டார்கள். விட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீன் மட்டும் போகவில்லை. உப்புத் தண்ணீரில் விட்டாலும் வாழும், சாக்கடையில் விட்டாலும் வாழும். கரையில் தூக்கிப் போட்டால் மற்ற மீன் செத்து விறைத்தபிறகும் இது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஏரியில் முன்பு கிடைத்த கெண்டையும் குறவையும் உளுவையும் இதோடு போட்டி போட முடியாமல் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

இதன் குடும்ப வாழ்க்கை வேடிக்கையானது. ஆண் மீன் பருவம் வந்தால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும், துடுப்பின் ஓரம் மட்டும் சிவக்கும். தரையில் வாயாலேயே மண்ணைக் கவ்விக் கவ்வித் துப்பி ஒரு தாம்பாளம் அளவு பள்ளம் பறித்து அதில் காவல் நிற்கும். சவுரியம்மாளின் கால் தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான். பெண் மீன் அங்கே வந்து முட்டையிட்டு, இட்ட முட்டையைத் தானே வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று வாரம் அந்த வாய்க்குள்ளேதான் குஞ்சு பொரிக்கும், வளரும். அதுவரை தாய்க்குச் சாப்பாடு கிடையாது. தாடை உப்பி, உடம்பு ஒட்டி, ஓரமாகக் கிடக்கும். குஞ்சுகள் வெளியே மேயப் போனாலும் நிழல் ஆடினால் போதும், எல்லாம் ஓடிவந்து தாய் வாய்க்குள் புகுந்துகொள்ளும்.

அப்படித் தாடை உப்பிய மீன் கையில் சிக்கினால் சவுரியம்மாள் அதை அப்படியே குண்டானில் போட மாட்டாள். தண்ணீருக்கு அருகே தலைகீழாகப் பிடித்து, தாடையை விரலால் தட்டிக் குஞ்சுகளைக் கக்க வைத்துவிட்டுத்தான் போடுவாள். தாயை எடுத்துக்கொண்டு குஞ்சை விடுவதில் என்ன புண்ணியம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. குழம்பில் நறநறவென்று கடிபடும் என்பாள் ஒரு சமயம். பாவம், கண்ணு தொறந்திருக்குது என்பாள் இன்னொரு சமயம். பிரான்சிஸ் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான். ஆனால் அவனும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏரிக்கு வருகிற ஓடையை மறித்து மனை போட்டுவிட்டார்கள். மண் மேவி, கருவேலம் புகுந்து, மாசி தாண்டினால் தண்ணீர் பாதியாகிவிடுகிறது. தண்ணீர் சுருங்கினால் ஜிலேபி சாகாது, அதுவும் சுருங்கிக்கொள்ளும். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து முட்டையிட வேண்டிய மீன் விரல் நீளத்திலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் தாய் மீன் என்றால் ஒரு ஆள் வாயில் நுழையாது. இப்போது நுழையும்.

தண்ணீரில் தடவிப் பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மீன் கையில் இருக்கும்போது காலில் இன்னொன்று தட்டுப்பட்டால், கையில் இருப்பதைத் தலைப்பக்கமாக வாயில் வைத்து நறுக்கென்று கடித்துக் கொன்று, பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடுத்ததை அமுக்குவார்கள். ஆண்களும் செய்வார்கள், பெண்களும் செய்வார்கள். கடித்து நொறுக்கிய மீன் எங்கேயும் போகாது. கடிக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

போன வருஷம் வைகாசியில் ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர் பெரிய வலை போட்டு இழுத்து முடித்துவிட்டு, மிச்சத்தை ஊருக்கு விட்டார். வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் காலனியும் ஊரும் விடியற்காலையிலேயே ஏரியில் இறங்கிவிட்டன. கொசுவலை, பழைய புடவை, பிளாஸ்டிக் கூடை என்று ஆளுக்கொன்று. கரையில் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டக்குப்பத்து மீன் வியாபாரி ஜகபர் சாதிக் தன் குட்டியானை சரக்கு வண்டியோடு வந்து, பிடிபடுவதை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார்.

பிரான்சிஸும் அன்றைக்கு மூட்டைக்குப் போகாமல் இறங்கியிருந்தான். தண்ணீர் அவனுக்கு இடுப்புவரைதான் இருந்தது, அதனால் தைரியம். கொஞ்சம் தள்ளி அவன் தம்பி பெரியதம்பி கொசுவலையோடு நின்றான். கட்டிடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன் பெரியதம்பி. அண்ணன் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேச மாட்டான். தாய் தகப்பன் போனபிறகு அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தான். அண்ணி போட்ட சோறு, அண்ணன் பார்த்து வைத்த கல்யாணம்.

பிரான்சிஸின் கையில் விரல் நீளத்தில் ஒரு மீன் சிக்கியது. தூக்கிப் பார்த்துவிட்டு, "அடியே, உன் ஆளுடி இது, தாடை உப்பிக்கெடக்குது" என்று கத்தினான்.

"கடிச்சிடாதய்யா, இங்க எடுத்தா" என்று இவள் சத்தம் கொடுத்தாள்.

அவன் இரண்டு எட்டு வைத்தான். அதற்குள் காலடியில் பெரிதாக ஒன்று புரண்டிருக்க வேண்டும். நின்றான். கையில் இருந்ததைத் தலைப்பக்கமாக உதட்டில் வைத்தான். கடிக்கவில்லை. பெண்டாட்டி தட்டிக் குஞ்சை விட்டபிறகு கொல்லலாம் என்று இலேசாகக் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் தண்ணீரில் விட்டான். களிமண் வழுக்கியது. விழப்போகிறவன் யாராக இருந்தாலும் வாயைத் திறந்து மூச்சை இழுப்பான். அவனும் இழுத்தான்.

எழுந்து நின்றவன் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். கண்ணை உருட்டினான். கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரான்சிஸ் செய்தால் அது வேடிக்கைதான் என்று இருபது வருஷமாகப் பழகிய ஊர். சவுரியம்மாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்தப் பையன்களுடைய போனில் இன்னமும் இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

உதட்டுக்கு நடுவே வால் நுனி துடிப்பதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். பெரியதம்பி அதற்குள் அண்ணனைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டான். சுற்றி நின்றவர்கள், "இழுடா, வாலைப் புடிச்சு இழுடா" என்று கத்தினார்கள். பெரியதம்பி வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். மீன் வரவில்லை. ரத்தம் வந்தது. ரத்தத்தோடு கடுகு மாதிரி நான்கைந்து குஞ்சுகள் வந்து பிரான்சிஸின் மோவாயில் ஒட்டின. அதைப் பார்த்ததும் சவுரியம்மாளுக்கு, அவன் ஏன் கடிக்காமல் வைத்திருந்தான் என்பது புரிந்துவிட்டது.

கொழுந்தனின் கையைத் தட்டிவிட்டாள். "வுடுடா! முள்ளு நிமிந்துக்கினு இருக்குது, கிழிச்சிடும்!"

அவள் சொன்னது சரிதான். ஜிலேபிக்கு முதுகு நெடுக முள். உயிரோடு இருக்கும் வரை பயந்தால் அத்தனையையும் நிமிர்த்திக்கொள்ளும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் படியும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் குத்தும். வலையில் மாட்டியதை யாரும் வாலைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், தலைப்பக்கமாகத் தள்ளித்தான் எடுப்பார்கள். இங்கே தலைப்பக்கம் தள்ளினால் அது தொண்டைக்குள் போகும். இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. அவள் தன் முந்தானையை வாலில் சுற்றி, அது இன்னும் உள்ளே போய்விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு முழுக்க அடைபடவில்லை. மீனுக்கும் தொண்டைக்கும் நடுவே எங்கோ ஒரு சந்து இருந்தது. அது வழியாக விசில் மாதிரி ஒரு சத்தம் போய் வந்துகொண்டிருந்தது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அதுவரை காத்திருக்க யாருக்கும் மனசில்லை. ஜகபர் சாதிக் வண்டியில் இருந்த ஐஸ் பெட்டிகளை அப்படியே கீழே தள்ளிவிட்டு, "ஏத்துங்க, ஜல்தி!" என்றார்.

பின்னால் பிரான்சிஸை உட்கார வைத்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு கை அவன் நெற்றியில், ஒரு கை வாலில். எதிரே பெரியதம்பி தன் கையில் பட்ட ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கூட்டேரிப்பட்டு வந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டி பறந்தது. பிரான்சிஸ் அவள் முழங்காலைப் பிடித்திருந்தான். மூட்டை தூக்கிக் காய்த்த கை. அது இறுக்கும்போதெல்லாம் அவள், "தோ வந்துட்டுது, தோ வந்துட்டுது" என்றாள். விசில் வந்துகொண்டிருந்தது. விரலுக்கு நடுவே மீனும் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு மீன் அடிப்பது நின்றது.

எத்தனை ஆயிரம் மீன் அந்தக் கையில் செத்திருக்கிறது. செத்த மீனை அவளுக்குத் துணி வழியாகவும் தெரியும். முள் தளர்ந்து முதுகோடு படிந்துவிடும், எப்படித் தடவினாலும் குத்தாது. குண்டானில் செத்த ஜிலேபியை வாலைப் பிடித்து உருவி எடுப்பது அவள் தினமும் செய்கிற வேலை. அவள் கை அதை அறிந்தது. விசில் இன்னும் வந்துகொண்டிருந்தது, முழங்காலில் பிடி இன்னும் இருந்தது. இழுக்கலாம் என்று தோன்றியது. முதல் இழுப்பில் வந்த ரத்தமும் தோன்றியது. ஒருவேளை சாகவில்லையோ, அசந்து கிடக்கிறதோ, ஆஸ்பத்திரிதான் வந்துவிடுமே, டாக்டர் எடுக்கட்டுமே. கை வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும், கை வரவில்லை.

திண்டிவனம் மேம்பாலத்துக்கு முன்னாலேயே லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஜகபர் சாதிக் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் சந்து சந்தாக நுழைத்தார். அந்த நெரிசலில்தான் விசில் நின்றது. முழங்காலில் இருந்த பிடி தானாக விட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தது வயதில் சின்ன டாக்டரம்மா. நாடியைப் பார்த்தார், நெஞ்சை அமுக்கினார், என்னென்னவோ செய்து பார்த்தார். தொண்டைக்குள் விளக்கடித்து, இடுக்கியால் மீனின் வாலைப் பிடித்தார். மீன் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. சுலபமாக, எண்ணெயில் போட்ட மாதிரி. தகரத் தட்டில் அதைப் போட்டபோது முதுகு முள் எல்லாம் படிந்து வழவழவென்று கிடந்தது. சவுரியம்மாள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை அப்புறம்தான் வந்தது.

மறுநாள் உடலை அறுத்துப் பார்த்துக் கொடுத்தபோது சொன்னார்கள்: மூச்சு அடைத்துத்தான் இறந்திருக்கிறார், உள்ளே இருந்த கீறல் சின்னது, அதனால் ஒன்றுமில்லை. ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் பார்த்தது ரத்தத்தை. பெரியதம்பி இழுத்தான், ரத்தம் வந்தது, ஆள் போய்விட்டான். இழுடா என்று கத்திய அதே வாய்கள், அவசரப்பட்டு இழுத்து அண்ணனைக் கொன்னுட்டான் என்று பேச ஆரம்பித்தன. சவுரியம்மாளை மட்டும் மெச்சினார்கள். பொம்பளையா இருந்தாலும் எவ்வளவு நிதானமா வாலைப் புடிச்சுக்கினு போனா, அவன் கையை வைக்காம இருந்திருந்தா பொழைச்சிருப்பான் என்றார்கள். தன் சிரிப்பையும் தன் கத்தலையும் மறக்க ஊருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டான், கிடைத்துவிட்டான். இதை எழுதுகிற எனக்கு வயிறு எரிந்து என்ன ஆகப்போகிறது.

பெரியதம்பி அதை நம்பினான். வேலைக்குப் போவதை நிறுத்தினான். முன்பு தொடாத சாராயத்தைத் தொட்டான். தினமும் அண்ணி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நான்தான் அண்ணி கொன்னுட்டேன்" என்பான். தாலாட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அவள் வாயிலிருந்து ஏதாவது வராதா என்று பார்ப்பான்.

அவள் சொல்லாமல் இல்லை. முதல் வாரமே சொன்னாள். "இன்னாடா பேசற, நீ இழுத்ததுல ஒண்ணும் ஆவல. வழியிலயே மீனு செத்துட்டுது. நான்தான் இழுக்காம வுட்டுட்டேன்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "என் மனசு நோவக்கூடாதுன்னு நீ உன் தலையில போட்டுக்கிற அண்ணி. உன்ன மாதிரி யாரு இருப்பா."

பங்குச் சாமியாரிடம் சொன்னாள். அவரும் அவள் பெருந்தன்மையைப் பாராட்டினார். மகள் ரோஜாவிடம் போனில் சொன்னாள். "சும்மா எதையாவது நெனைச்சிக்கினு இருக்காதம்மா" என்று அவள் அழுதாள். உண்மையை உள்ளபடி சொல்லியும் அது நல்ல மனசாகவே எல்லார் காதிலும் விழுந்தது. இந்தக் கொடுமைக்கு அவள் என்ன செய்வாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பெரியதம்பியின் பெண்டாட்டி கலையரசி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தவனை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்து இழுத்துவந்திருக்கிறார்கள். "அக்கா, எனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. நீங்க இன்னா சொல்வீங்களோ தெரியாது, அவரு மனசை மாத்துங்க. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

அன்று முழுக்கச் சவுரியம்மாள் சோறு ஆக்கவில்லை. வாயால் சொன்னது எடுபடவில்லை. கையால் காட்டினால்தான் நம்புவான். காட்டினால் அவன் பிழைத்துக்கொள்வான். காட்டியபிறகு தன்னை என்னவாகப் பார்ப்பான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பிரான்சிஸைத்தான் விட்டாயிற்று, இவனையும் விடுவதா என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பெரியதம்பி தெளிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, வாடா என்று ஏரிக்கு அழைத்துப்போனாள். பிரான்சிஸ் போனபிறகு அவளும் ஏரியில் இறங்கியதில்லை. மதகுப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, காலால் துழாவி, அதே விரல் நீளத்தில் ஒரு ஜிலேபியைப் பிடித்துவந்தாள்.

"கையை மூடு. உள்ள கொஞ்சம் எடம் வுட்டு, குழா மாதிரி."

அவன் விழித்தான். அவளே அவன் கையைப் பிடித்து மடக்கி, மீனைத் தலைப்பக்கமாக உள்ளே நுழைத்தாள். வால் மட்டும் வெளியே துடித்தது. வாலைப் பிடித்து இழுத்தாள். அவன் 'ஸ்ஸ்' என்றான். உள்ளங்கையில் ரத்தம் துளிர்த்தது. மீன் வரவில்லை.

"நீ அன்னிக்கு இழுத்தது இப்படித்தான். உசுரோட இருந்த மீனு. யாரு இழுத்திருந்தாலும் வந்திருக்காது. கீறல் இவ்ளோதான், கையைப் பாரு. இதுல எவனாவது செத்துப்பூடுவானா?"

அவன் கையைத் திறக்கப் பார்த்தான்.

"வுடாத. அப்படியே புடிச்சுக்கினு ஒக்காரு."

இருவரும் கரையில் உட்கார்ந்தார்கள். ஜிலேபி சீக்கிரம் சாகிற ஜாதியில்லை. வெயில் ஏறியது. நெடுஞ்சாலைப் பக்கம் பஸ்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியதம்பி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வால் அடிப்பது இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு ஒரு தடவை அடித்து, அப்புறம் அடிக்கவில்லை. அவன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான்.

"கொஞ்சம் இரு" என்றாள். இருந்தார்கள். "இப்ப நீயே இழு."

அவன் இன்னொரு கையால் வாலைப் பிடித்து இழுத்தான். மீன் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எதிர்பார்க்காத வேகத்தில் வந்ததால் கை பின்னால் போய் மண்ணில் இடித்தது. அவன் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதுகு முள்ளைக் கட்டைவிரலால் வாலிலிருந்து தலைக்குத் தடவினான். குத்தவில்லை. மறுபடி தடவினான்.

"கூட்டேரிப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்துலயே மீனு செத்துட்டுது" என்றாள் சவுரியம்மாள். "என் கையிலதான் செத்துது. எனுக்குத் தெரிஞ்சிது. உங்க அண்ணனுக்கு மூச்சு ஓடிக்கினு இருந்துது. பாலத்தாண்ட வர்ற வரைக்கும் ஓடிச்சி. உன்னால சாவல அவரு. இனிமே அத்த நெனைச்சிக் குடிக்காத. கயித்தத் தூக்காத."

அவன் முகத்தில் எதுவோ இளகுவதை அவள் பார்த்தாள். மாதக்கணக்கில் அந்த முகத்தில் கிடந்த பாரம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் அழப்போகிறான், தேற்ற வேண்டும் என்று கையை நீட்டினாள். அதற்குள் அவன் கண் அவள் மேல் வந்து நின்றது.

"அப்போ நீ ஏன் இழுக்கல?"

அவள் வாயைத் திறந்தாள். ரத்தம், பயம், ஆஸ்பத்திரி, டாக்டர் என்று ஒவ்வொன்றாக நாக்குவரை வந்தது. எதுவும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. அவன் காத்திருந்தான். பிறகு மீனைத் தண்ணீர்ப் பக்கம் எறிந்துவிட்டு எழுந்து போனான். நீட்டிய கையை அவள் மடியில் போட்டுக்கொண்டாள்.

பெரியதம்பி பிழைத்துக்கொண்டான். அந்த வாரமே கம்பி கட்டும் வேலைக்கு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தான். குடி நின்றது. கலையரசி வந்து காலில் விழாத குறையாக, "இன்னா சொன்னீங்களோ அக்கா, மனுஷனா ஆயிட்டாரு" என்றாள். அவன் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் இன்னமும் அவன் இழுத்ததைத்தான் பேசுகிறது, சவுரியம்மாளை இன்னமும் மெச்சுகிறது. அவன் அதற்கெல்லாம் மறுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. அண்ணி வீட்டு வாசலை மட்டும் மிதிப்பதில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சவுரியம்மாள் சாயங்காலமே கல்லறைக்குப் போய், பிரான்சிஸின் மண்மேட்டில் புல்லைப் பிடுங்கி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, மறுபடி மறுபடி ஏற்றினாள். மகள் வரவில்லை, கைக்குழந்தைக்குக் காய்ச்சல். கூட்டமான கூட்டம், எல்லார் கையிலும் வெளிச்சம். வேலியோரத்தில் கலையரசியின் குரல் கேட்டது, "வாங்க, பெரியப்பாவுக்கு மெழுகுவத்தி வெச்சிட்டு வந்துடலாம்" என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டிருந்தாள். சவுரியம்மாள் தலையை நிமிர்த்தாமல் காத்திருந்தாள்.

சோற்றை உருட்டிக் கொடுத்து அவள் வளர்த்த கொழுந்தனின் குரல் அதற்குப் பதில் சொன்னது. குடிக்காத, தெளிந்த குரல்.

"அந்தம்மா போவட்டும். அப்புறம் போலாம்."

அவள் கடைசி மெழுகுவர்த்தியை மண்ணில் நட்டுவிட்டு, அது நன்றாக எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல், அவர்களுக்கு இடம் விட்டு எழுந்து நடந்தாள்.